மண்வெட்டி பிடித்தால் நெஞ்சு இறுகுகிறதா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் கமம் செய்கிறேன், வயது 47. இந்த வருடம் எங்கள் பக்கத்தில் ஐம்பது தாண்டாத மூன்று பேர் மாரடைப்பில் போய்விட்டார்கள். மாவட்ட வாரியாக இதய நோய் மரணங்களைக் காட்டும் படம் ஒன்று போனில் வந்தது. காரணம் எங்கள் தண்ணீரா, உடம்பில் கிடக்கும் செல் (எறிகணை) துண்டுகளா? எனக்கும் இடது பக்கம் சில வேளை ஊசியால் குத்துவது போல இருக்கும். தினமும் அரை அஸ்பிரின் போடுகிறேன். ஒரு மாதமாக மண்வெட்டி பிடித்தால் நெஞ்சு இறுகித் தாடைவரை ஏறும், நின்றால் விட்டுவிடும். வாய்வாக இருக்கும்.

பதில்: வாய்வு என்று விட்டுவிடாதீர்கள். கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமானது. உழைக்கும்போது இதயத்துக்குக் கூடுதல் இரத்தம் வேண்டும். இதயத்தின் இரத்தக் குழாய் ஒடுங்கியிருந்தால் அது போய்ச் சேராது, நெஞ்சு இறுகும். அதுவும் உங்களுக்குப் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. இன்றே முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் போய், எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். ஈசிஜி நன்றாக இருக்கிறது என்றால் அத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி இந்த நோயில் பல பேருக்குச் சுத்தமாகவே வரும். அடுத்த சோதனை என்ன என்று கேளுங்கள்.

சும்மா இருக்கும்போதே இறுகினால், அல்லது வேலையை நிறுத்திப் பதினைந்து நிமிடமாகியும் விடாவிட்டால், அல்லது வியர்த்துக் கொட்டினால், உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு இல்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கே போவோம் என்று வாகனம் தேடி நிற்காதீர்கள், அது 100 கிலோமீற்றருக்கு மேல். குழாய் அடைபட்டால் அரை மணித்தியாலத்துக்குள் இதயத் தசை சாகத் தொடங்கிவிடும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் சில மணித்தியாலங்களில்தான் நன்றாக வேலை செய்யும். முதலில் கிட்ட உள்ள ஆஸ்பத்திரி. மேலே அனுப்புவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. நம் நாட்டில் மரணம் நடந்த இடத்தில்தான் பதிவாகும். ஒட்டுசுட்டான்காரர் யாழ்ப்பாணத்தில் இறந்தால் அது யாழ்ப்பாணக் கணக்கு. முல்லைத்தீவு போலச் சனம் குறைந்த மாவட்டத்தில் சில மரணங்கள் கூடினாலே படத்தின் நிறம் மாறிவிடும். ஆனால் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருப்பது உண்மை. அதைத் தண்ணீரில் தேட வேண்டாம். புகை, கண்டுபிடிக்காமல் கிடக்கும் சீனி வருத்தம், பிரஷர், இவற்றோடு வைத்தியசாலைக்குள்ள தூரம். பல நாடுகளில் இதய மரணங்கள் குறைந்தது புகையையும் பிரஷரையும் கொலஸ்ட்ரோலையும் அடக்கி, சிகிச்சையையும் நேரத்துக்குக் கொடுத்ததால்தான். வன்னிக்கும் அதுதான் வேண்டும். உங்கள் ஊரின் அந்த மூன்று பேரும் நெஞ்சு நோவோடு எவ்வளவு நேரம் வீட்டில் இருந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

செல் துண்டு காலிலோ முதுகிலோ கிடந்து இதயக் குழாயை அடைக்காது. எம்ஆர்ஐ (காந்தத்தால் எடுக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொன்னால் மட்டும் மறக்காமல் அதைச் சொல்லுங்கள். ஒரு கணம் வந்து போகும் ஊசிக் குத்தலையும் விடுங்கள்.

அஸ்பிரின் வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடிய மருந்து, யாரையும் கேட்காமல் தொடங்கியிருக்கக் கூடாது. தொடர்வதா நிறுத்துவதா என்பதை உங்களைச் சோதிக்கும் வைத்தியர் முடிவு செய்யட்டும். அந்த அஸ்பிரின் அட்டையையும், நோவுக்கென்று பார்மசியில் வாங்கும் மற்ற மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். டைக்ளோபெனாக் போன்ற சில மாத்திரைகள் மாரடைப்பு ஆபத்தையே கூட்டும்.