இலங்கை மலையகத்திலிருந்து இந்தியா போக மலிவாக விமான டிக்கட் எடுப்பது எப்படி? செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் எடுத்தால் விலை குறையுமா?

குறையாது. நானும் ஒரு செவ்வாய்க்கிழமை நடுச்சாமம் வரை கண் முழித்துப் பார்த்தவன்தான். மறுநாள் கடை திறக்கப் பிந்தியதுதான் மிச்சம்.

ஹட்டனில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, லெமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பம், யாராவது கேட்டால் டிக்கட்டும் எடுத்துக் கொடுப்பேன். ஏஜென்ட் இல்லை, கமிஷனும் கிடையாது. ஆகவே "கடைக்கு ஆள் பிடிக்கிறான்" என்று யாரும் கீழே எழுத வேண்டாம். கடையின் பேரைக்கூட நான் சொல்லவில்லை.

நீங்கள் நுவரெலியாப் பக்கம் என்றும், வயசான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தோள் பையோடு தனியாகப் போகிற பொடியன் என்றால் இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

ஒரே விமானத்தில், ஒரே மாதிரியான சீட்டுக்கே பல விலை வைத்திருப்பார்கள். அடிமட்ட விலையில் கொஞ்சம் சீட்தான். அது தீர்ந்தால் அடுத்த விலை. நேற்றுப் பார்த்த டிக்கட் இன்றைக்குக் கூடியிருந்தால் நம் போனை வேவு பார்த்து ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அந்தச் சீட்டை வேறு யாரோ வாங்கியிருப்பார்கள். இன்கொக்னிட்டோவில் (தேடியது பதிவாகாத பிரவுசர் பக்கம்) பார்த்தால் குறையும் என்பதும் இந்த ரகக் கதைதான். இரண்டு போன், கடைக் கொம்பியூட்டர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே விலை. ஆனால் இதில் உபயோகமான சங்கதி ஒன்று இருக்கிறது. நாலு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவு விலையில் மூன்று சீட்தான் மிச்சம் என்றால், நாலு பேருக்குமே கூடின விலையைக் காட்டும். முதலில் ஒருவருக்குத் தேடிப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கூட்டுங்கள். எங்கே விலை துள்ளுகிறது என்று தெரிந்துவிடும்.

கூகுள் ஃப்ளைட்ஸில் மாத நாட்காட்டியைத் திறந்தால் எந்த நாள் மலிவு என்று தெரியும், விலை மாறினால் மின்னஞ்சலும் வரும். அங்கே பார்த்துவிட்டு, விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். சபரிமலை சீசன், டிசம்பர் பாடசாலை விடுமுறை, சித்திரைப் புத்தாண்டு இந்த மூன்றையும் தவிர்க்க முடிந்தாலே பெரிய காரியம். அவ்வளவுதான் வித்தை. இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு வலித்த இடம்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, 1975இல் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டம். இங்கே கொழுந்து பறித்தவர் அங்கே போயும் கொழுந்துதான் பறித்தார். 2024 தை மாதம் அத்தையின் பேத்திக்குக் கல்யாணம். அம்மா அதுவரை விமானத்தை வானத்தில்தான் பார்த்திருக்கிறார்.

ஒழுங்காகப் போவதென்றால் திருச்சி. அங்கிருந்து மாமா வீட்டார் கல்யாணத்துக்கு வேன் பிடித்திருந்தார்கள், "நாலு சீட் ஒதுக்கி வைக்கிறேன்டா" என்று மாமா போனிலும் சொன்னார். நான்தான் கெட்டிக்காரனாச்சே. பெங்களூருக்குப் போனால் ஆளுக்கு 9,000 ரூபா குறைவு என்று கண்டுபிடித்தேன். அம்மா, நான், மனைவி, மகள் என்று 36,000 ரூபா. தோட்டத்தில் அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. அம்மா பறித்த காலத்துக் கணக்கில் இல்லை, அந்த வருசம் பறித்தவர் கணக்கிலேயே அது முப்பத்தாறு நாள் கொழுந்து. வரைபடத்தில் பார்த்தால் கூடலூருக்குப் பெங்களூர் ஒன்றும் தூரமாகவும் தெரியவில்லை. உடனே வாங்கிவிட்டேன், அதுவும் ஏதோ ஒரு மூன்றாம் ஆள் தளத்தில்.

முதல் அடி பேரில். எங்கள் அம்மாவுக்கு ஒரே பேர்தான். படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டையும் கேட்கிறது. பிறப்புச் சான்றிதழில் எழுதியவர் தன் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதினார், அடையாள அட்டையில் ஒரு எழுத்து மாறியது, கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்து. எங்கள் அப்பா அம்மா தலைமுறையில் எத்தனை பேருக்கு ஒரே பேர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது? சேமலாப நிதி எடுக்கப் போனாலும் இதே கதை, முதியோர் கொடுப்பனவுக்குப் போனாலும் இதே கதை. வாழ்நாள் பூராவும் உழைத்த மனுசி "இது நான்தான்" என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு திரிய வேண்டும். அதற்கும் காசு, அதற்கும் ஒரு நாள். சரி, இதைப் பேசினால் பொழுது விடிந்துவிடும். டிக்கட்டில் கடவுச்சீட்டில் உள்ளது எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஒற்றைப் பேர்க்காரருக்கு எப்படி நிரப்புவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். நான் கேட்காமல் போட்டுவிட்டு, திருத்தக் காசு கட்டினேன்.

இரண்டாம் அடி கட்டுநாயக்கா எயார்போர்ட்டில். நான் வாங்கிய மலிவு டிக்கட்டில் 7 கிலோ கைப்பை மட்டும்தான். அதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் வாசிக்கவில்லை, என் பிழைதான். அம்மாவோ பெரிய பை ஒன்றில் 6 கிலோ தேயிலைத் தூள் கட்டியிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற நாத்தனாருக்குத் தேயிலைத் தூள்! கவுண்டர் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து பையைப் பிரித்தோம். சேலைக்கு நடுவில் இரண்டு பக்கட், மகளின் ஸ்வெட்டர் கைக்குள் ஒன்று. எத்தனை தடவை மாற்றி அடுக்கினாலும் கூடவேதான் இருந்தது. அம்மா தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்துக் கழித்தே பார்த்துப் பழகிய கண். "நம்ம தோட்டத்துத் தராசு கொறைச்சுக் காட்டும், இவன் தராசு கூட்டிக் காட்டுதேடா" என்றார். பொதிக்கு முன்கூட்டி ஒன்லைனில் கட்டியிருந்தால் குறைவு. கவுண்டரில் கட்டினால் அவர்கள் சொன்னதுதான் விலை.

பெங்களூரில் இறங்கியது பகல் ஒன்றரைக்கு. வெளியே வர மூன்று மணி. நகரத்தைக் கடக்கவே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். மைசூரில் மகளுக்குப் பசி. குண்டலுப்பேட்டை தாண்டிப் போனபோது மணி 9.20. முன்னால் லொறிகள் வரிசையாக நிற்கின்றன, குறுக்கே தடை. பந்திப்பூர் காட்டுப் பாதை மிருகங்களுக்காக 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படுகிறது என்பது டிரைவருக்குத் தெரியும். கிளம்பும்போதே சொன்னாராம், நான்தான் "பார்த்துக்கலாம்" என்றேனாம். லொட்ஜில் ஒரே அறையில் நாலு பேரும் படுத்தோம்.

காலையில் கதவு திறந்து, யானை பார்த்து (மகளுக்கு மட்டும் அன்றைக்கு லாபம்), கூடலூர் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திருச்சி வேனில் வந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்ஸி, லொட்ஜ், பொதி, பேர்த் திருத்தம் எல்லாம் கூட்டினால் 36,000 எங்கேயோ பின்னால் நின்றது.

கொழும்பில் இருப்பவர்கள் "இதெல்லாம் திட்டமிடத் தெரியாததால்" என்று எழுத வருவீர்கள், தெரியும். உங்களுக்கு எயார்போர்ட் ஒரு மணித்தியாலம். நாங்கள் காலை விமானத்துக்கு இரவு இரண்டு மணிக்கு வேனில் ஏற வேண்டும். நள்ளிரவில் வந்து இறங்கினால், அம்மாவோடும் பெட்டிகளோடும் மறுபடியும் வேன்தான். எங்களுக்கு டிக்கட் விலை வாசலில் தொடங்குகிறது. அதனால்தான் இப்போது யாருக்கு எடுத்தாலும் முதலில் ஒரு துண்டுக் கடதாசியில் வேன், பொதி, அந்தப் பக்கத்து பஸ் எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் தளத்தைத் திறப்பேன். இன்னொன்று, போக வரச் சேர்த்து எடுத்தால் போகிற விமானத்தைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலும் வருகிற டிக்கட்டும் சேர்ந்து ரத்தாகிவிடும்.

அந்தத் தேயிலைத் தூள் என்னாச்சு என்று கேட்டால், அத்தை அதை மருமகளிடம்கூடக் கொடுக்காமல் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். நாங்கள் கிளம்புகிற அன்று அதே பையில் கூடலூர்த் தூள் 4 கிலோ கட்டிக் கொடுத்தார். அதற்கும் கவுண்டரில் காசு கட்டினேன்.