எஃப்பிஎஸ் கூடிவிட்டது, விளையாட்டு ஏன் திக்குகிறது?

கேள்வி: பி650 மதர்போர்டு, ரைசன் 5 7600 பிராசசர், ரேடியான் ஆர்எக்ஸ் 7600 கிராபிக்ஸ் கார்டு போட்டுப் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினேன். போர்டோடு வரும் பூஸ்ட் சாஃப்ட்வேரையும் போட்டுத் தந்திருப்பதாகக் கடையில் சொன்னார்கள். அதை ஆன் செய்தால் எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் திரைக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) 60-லிருந்து 110 ஆகிறது. ஆனால் மவுஸை அசைத்தால் படம் தாமதமாக நகர்கிறது, வேகமாகத் திரும்பினால் திக்குகிறது. போர்டில் கோளாறு இருக்கலாம், 1,500 ரூபாய் கொடுத்தால் ‘ஆப்டிமைஸ்’ செய்து தருகிறோம், இல்லையென்றால் மேலே பணம் கட்டி வேறு போர்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். போர்டு நல்லதா என்று நானே சோதிக்க முடியுமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: முடியும். அதுவரை 1,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

முதலில், அந்த பூஸ்ட் சாஃப்ட்வேர் போர்டோடு வந்தது அல்ல. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கிராபிக்ஸ் கார்டை இயக்கும் அட்ரினலின் என்ற டிரைவர் மென்பொருளில் இருக்கும் ஹைபர்-ஆர்எக்ஸ் என்ற பொத்தானைத்தான் அழுத்திவிட்டிருக்கிறார்கள். அந்த ஒரே பொத்தான் பல வசதிகளைச் சேர்த்து ஆன் செய்யும். அதில் முக்கியமானது, ரேடியான் கார்டையும் ரைசன் பிராசசரையும் தயாரிக்கும் ஏஎம்டி 2024 ஜனவரியில் எல்லோருக்கும் வெளியிட்ட ஃப்ளூயிட் மோஷன் ஃப்ரேம்ஸ். கார்டு வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு படத்தை அது தானாகக் கணித்து உருவாக்கிச் செருகும். அப்படிச் செருக அடுத்த படம் வரும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் மவுஸ் தாமதம் அங்கிருந்துதான் வருகிறது. இதன் முதல் பதிப்பில், காட்சி வேகமாகத் திரும்பும்போது இந்த வசதி தானே நின்றுவிடும், பிறகு மறுபடி தொடங்கும். உங்களிடம் இருப்பது அந்தப் பதிப்பென்றால், திக்குவதாகத் தெரிவது அதுதான்.

110 என்பதைப் பாதியாக்குங்கள், 55 வரும். கார்டு உண்மையில் வரைவது அவ்வளவுதான். முன்பு 60 வரைந்தது, இப்போது நடுப்படங்களைச் செய்யும் வேலையும் சேர்ந்ததால் 5 குறைந்துவிட்டது. கதை விளையாட்டுகளை நிதானமாக ஆடுகிறவருக்கு இந்த வசதி பயன்படும், துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு வேண்டாம். எண்ணிக்கையைக் காட்டி விற்பது புதிதும் இல்லை. 2012-இல் இன்டெல் இசட்77 போர்டுகள் பலவற்றோடு லூசிட் நிறுவனத்தின் வெர்ச்சு எம்விபி உண்மையாகவே சேர்ந்து வந்தது. திரைக்கு வராது என்று தான் கணித்த படங்களை வரையாமலே விட்டுவிடும் அது. அப்போதும் எஃப்பிஎஸ் எண் ஏறியது, கண்ணுக்குத் தெரிந்த படம் அந்த அளவு கூடவில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். அட்ரினலினில் ஹைபர்-ஆர்எக்ஸை எடுத்துவிட்டு ‘டிஃபால்ட்’ வையுங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். போர்டிலும் ஒரு ஹெச்டிஎம்ஐ துளை இருப்பதால் பலர் அதில் செருகிவிட்டு, கார்டு சரியில்லை என்று கடைக்குத் தூக்கிப்போகிறார்கள்.

அடுத்து, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள். என்விடியா கார்டாக இருந்தால், பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று வருகிறதா பார்க்கச் சொல்வேன். 2018-லிருந்து அது போலி என்விடியா கார்டுகளை இப்படிக் காட்டிக்கொடுக்கிறது. உங்களுடையது ரேடியான் என்பதால், பெயரும் நினைவக அளவும் பில்லில் உள்ளபடி இருக்கிறதா என்று ஒப்பிட்டால் போதும். பிறகு ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ என்ற கட்டம். இங்கேதான் உங்களை மறுபடி பயமுறுத்துவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். போர்டில் கார்டு மாட்டும் மேல் ஸ்லாட் 16 லேன் (தகவல் போகும் பாதை) கொண்டது. உங்களுக்கு 8 என்று காட்டும். அது கோளாறு அல்ல. ஆர்எக்ஸ் 7600 கார்டே 8 லேனுக்குத்தான் செய்யப்பட்டது, எந்தப் போர்டில் போட்டாலும் 8-தான். “பாதி லேன் செத்துப்போச்சு, போர்டை மாத்தணும்” என்று யாராவது சொன்னால் அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது அதே கட்டத்தில் இணைப்பின் வேகத்தைக் குறிக்கும் எண் 4.0-க்குப் பதில் 1.1 என்றுகூட வரும். மின்சாரத்தை மிச்சப்படுத்த கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி, கார்டுக்கு வேலை கொடுக்கும் ரெண்டர் டெஸ்ட் ஓட்டினால் 4.0-க்கு ஏறிவிடும். ஏறாமல் நின்றாலோ, 4 அல்லது 1 லேன் என்று காட்டினாலோதான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் கார்டு கீழ் ஸ்லாட்டில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பி650 போர்டுகளில் கீழே இருக்கும் நீள ஸ்லாட்டுக்குப் பெரும்பாலும் 4 லேனோ அதற்கும் குறைவோதான் வரும்.

போர்டு பக்கத்தில் விளையாட்டு வேகத்தை உண்மையாகவே பாதிக்கும் விஷயம் ராம். இரண்டு குச்சிகளும் பிராசசரிலிருந்து எண்ணினால் 2-ஆம், 4-ஆம் ஸ்லாட்டில் இருக்க வேண்டும். வேகம் 6000 என்று எழுதிய ராம் வாங்கியிருந்தால், பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்யாதவரை பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். காசு வாங்கி ‘ஆப்டிமைஸ்’ செய்கிறவர்கள் பலர் செய்வது இதை மட்டுமே. ஆன் செய்த பிறகு முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். பயந்து பவரை நிறுத்தாதீர்கள், போர்டு ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. அன்று இரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட விடுங்கள். காலையில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது.

எக்ஸ்போவைத் தொடுவதற்கு முன்னால் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். 2023-இல் சில போர்டுகள் எக்ஸ்போ போட்டதும் பிராசசரின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றியதில் ரைசன் 7000 வரிசை பிராசசர்கள் சில கருகின. அதற்குப் பிறகு ஏஎம்டி 1.3 வோல்ட் என்று வரம்பு வைத்தது. கடை அலமாரியில் நெடுநாள் கிடந்த போர்டில் பழைய பயாஸே இருக்கும். போர்டில் அச்சிட்ட ரிவிஷன் எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளர் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கடைசியாக, கம்ப்யூட்டருக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஓசிசிடி மென்பொருள் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். பிழையோ ரீஸ்டார்ட்டோ இல்லையென்றால் உங்கள் போர்டு நல்ல போர்டு.

பிழை வந்தால் வாரண்டிக்குத்தான் போக வேண்டும், அங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. கடை டிஸ்ட்ரிபியூட்டரைக் கைகாட்டும், அவர் சர்வீஸ் சென்டரைக் கைகாட்டுவார், அங்கே சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) பின் வளைந்திருக்கிறது, வாடிக்கையாளர் செய்த சேதம் என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் போர்டில் இருக்கும் ஏஎம்5 வகை சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. எந்தக் கையில் வளைந்தது என்பதை நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் விழுகிறது. இது அநியாயம். அதனால் போர்டை யாரிடம் கொடுத்தாலும், சாக்கெட்டையும் சீரியல் எண்ணையும் கவுண்டரிலேயே வெளிச்சத்தில் படம் எடுங்கள், சாக்கெட்டோடு வந்த பிளாஸ்டிக் மூடியைப் போட்டே கொடுங்கள், கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம் என்ற பேச்சுக்கு நீங்கள் தலையாட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சீரியல் எண் எழுதிய பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதிலும் அசையவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.