மகள் மீன் எண்ணப் போகிறேன் என்கிறாளா?

வணக்கம் அக்கா. வலை இழுத்த தாத்தா கடைசியில் சேர்த்து வைத்தது மூட்டுவலி மட்டும்தான், இவளும் ஏன் கடலுக்குப் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் மகள் சொல்வது கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று கணிக்கும் வேலை; அதில் கடல் கொஞ்சம், கணக்கு நிறைய.

நம் தென்னாப்பிரிக்காவின் தென்கரையில் உள்ள மோசல் பே துறைமுகத்து டிராலர்கள், அதாவது இழுவலைப் படகுகள், பிடிக்கும் அகுல்லாஸ் சோல் மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் நாக்கு மீன் என்பார்களே, அந்த வகை. இரண்டு கண்ணும் ஒரே பக்கம், மணலில் புதைந்து கிடக்கும். அதை யார் போய் எண்ணுவது? தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை எடுத்து, அதிலுள்ள வளையங்களை வைத்து வயதைக் கணிக்கிறார்கள். எத்தனை மணி நேரம் வலை இழுத்து எத்தனை கிலோ கிடைத்தது என்ற படகுக் கணக்கும் உண்டு.

வில்லங்கம் அங்கேதான். அதே படகு ஹேக் என்ற வேறொரு மீனையும் பிடிக்கும். கேப்டன் ஹேக் கிடைக்கும் பக்கம் திரும்பிவிட்டால் சோல் குறைவாகத்தான் வரும். அப்படியானால் கடலில் சோல் குறைந்துவிட்டதா, படகு அந்தப் பக்கம் போகவில்லையா? இதைப் பிரித்துச் சொல்வதுதான் அவள் ஆசைப்படும் வேலை. அந்த விடையைப் பார்த்துத்தான் வருடத்துக்கு எத்தனை டன் பிடிக்கலாம் என்று அரசாங்கம் வரம்பு போடுகிறது; சோலுக்கு அது நெடுங்காலம் 872 டன்னாக இருந்தது. குறைத்துச் சொன்னால் மோசல் பேயில் வேலை போகும், கூட்டிச் சொன்னால் மீன் போகும்.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இந்த மதிப்பீடுகளைச் செய்யும் குழு இருப்பது கணிதத் துறையில். இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

ஏனென்றால் இந்த வருடக் கடைசியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கவேண்டும். மேத்ஸுக்குப் பதிலாக, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய பாடம் உண்டு. "மேத்ஸ் லிட்டரசி எடுத்தால் மார்க் வரும்" என்று யாராவது சொல்வார்கள். மார்க் வரும், சரி. அப்புறம் மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், அந்தப் பாடத்தில் எண்பது வாங்கினாலும் பிஎஸ்சி கணிதத்துக்கோ புள்ளியியலுக்கோ உள்ளே விடமாட்டார்கள். மேத்ஸையும் பிசிக்கல் சயின்ஸையும் விடவேண்டாம். தடுமாறினால் இப்போதே சனிக்கிழமை டியூஷன் போடுங்கள்.

முதல் பட்டத்தை டர்பனிலேயே, குவாசூலு நட்டால் பல்கலைக்கழகத்தில் புள்ளியியலாகப் படிக்கலாம்; வீட்டிலிருந்தே போய்வரலாம். பிறகு ஆனர்ஸ், மாஸ்டர்ஸ். மொத்தம் ஆறு வருடம் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மீன்வளத் துறையில் பதவிகள் குறைவு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் புள்ளியியல் தெரிந்தவளை வங்கியும் இன்சூரன்ஸும் எடுத்துக்கொள்ளும். மீன் கிடைக்காவிட்டாலும் சோறு உண்டு.

ஜூன், ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் வரும்போது அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். எத்தனை தடவை வலை போட்டார்கள், ஒவ்வொரு தடவையும் எத்தனை பெட்டி வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். அரை மணியில் சலித்துப்போனால் அதையும் எனக்கு எழுதுங்கள். வேறு துறை பேசுவோம்.