மனிதன் பாவியாகவே பிறக்கிறான் என்றால், இரட்சிப்பில், அதாவது பாவத்திலிருந்து மீட்கப்படுவதில், அவனுடைய விருப்பத்துக்கு இடம் உண்டா?

இந்தக் கேள்வி 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முழு வேகத்துடன் எழுந்துவிட்டது. பிரிட்டனில் பிறந்து ரோமில் துறவியாக வாழ்ந்த பெலேஜியஸ், ஆதாமின் பாவம் பிறருக்குத் தீய முன்மாதிரி மட்டுமே என்றும், கடவுள் கட்டளையிட்டிருப்பதாலேயே அதை நிறைவேற்றும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்றும் போதித்தார். ஒழுக்கத் தளர்ச்சியைச் சாடிய அவருடைய அக்கறை உண்மையானது; எதிராளிகளின் எழுத்தை மட்டும் வைத்து அவரை எடைபோடுவது நியாயமன்று.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகஸ்டின் இதை மறுத்தார். விருப்பமே அழிந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. மனிதன் விரும்பித்தான் பாவம் செய்கிறான், ஆனால் விரும்பும் அந்த உள்ளமே நோயுற்றிருப்பதால், கிருபை, அதாவது கடவுள் இலவசமாக அளிக்கும் அருள், முதலில் அதைக் குணப்படுத்தாமல் அவனால் கடவுளை நாட முடியாது என்பதே அவருடைய வாதம். இந்த நுட்பத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலேஜியஸின் போதனையைக் கண்டித்தது.

ஆனாலும் விவாதம் ஓயவில்லை. இன்றைய தென் பிரான்சில் வாழ்ந்த துறவிகள் சிலர், விசுவாசத்தின் முதல் அடியையாவது மனிதன் தானே எடுத்துவைக்கக்கூடும் என்றனர். 529இல் ஆரஞ்ச் நகரில் கூடிய சங்கம், அந்த முதல் அடியும் கிருபையின் செயலே என்று தீர்மானித்ததோடு, சிலர் தீமைக்கென்றே கடவுளால் முன்குறிக்கப்பட்டவர்கள் என்ற கருத்தையும் வன்மையாக நிராகரித்தது. இந்தத் தீர்வே வேதாகமத்துக்கு மிக நெருக்கமானதாக எனக்குத் தோன்றுகிறது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளோ, ஆதாமிடமிருந்து மரணத்தையும் பலவீனத்தையும் பெற்றோமே தவிர, அவனுடைய குற்றப்பொறுப்பைப் பெறவில்லை என்றே பொதுவாகக் கற்பிக்கின்றன.