கல்யாண மண்டபத்தில் பேச்சு புரியவில்லை, காதைப் பழக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 58. வீட்டில் நன்றாகக் கேட்கிறது. மண்டபம், ஓட்டல் என்று போனால் சத்தம் கேட்கிறது, சொல் புரிவதில்லை. ஆடியோகிராமில் (கேட்கும் திறன் பரிசோதனையில்) லேசான குறைவுதான். பயிற்சி செய்தால் சரியாகுமா?

பதில்: ஓரளவுக்குச் சரியாகும், தொடர்ந்து செய்தால்.

ஆடியோகிராம் எடுப்பது சத்தமே இல்லாத அறையில், வெறும் 'பீப்' ஒலியை வைத்து. மண்டபத்தில் நீங்கள் படும் பாடு அதில் தெரியாது. உயிர் ஒலிகள் பலமானவை, எப்படியும் காதில் விழுந்துவிடும். க, த, ப என்று பிரித்துக் காட்டும் நுணுக்கம் மெலிதானது, பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது, வயதாகும்போது முதலில் குறைவதும் அங்கேதான். அதனால் இரைச்சலில் படி, கடி, தடி மூன்றும் ஒன்றுபோல இருக்கும். மிச்சத்தை மூளை ஊகித்து நிரப்ப வேண்டும், பயிற்சியில் பழகுவது அந்த வேலைதான்.

2017-இல் அமெரிக்காவில், ஹியரிங் எய்ட் போடும் முதியவர்களை 8 வாரம் ஒரு கணினி விளையாட்டு ஆடவைத்தார்கள். இரைச்சலுக்கு நடுவே புரிந்த சொற்கள் சுமார் 25 சதவீதம் கூடின, ஆனால் விளையாட்டை நிறுத்திச் சில வாரங்களில் பலன் போய்விட்டது. அதனால்தான் காசு கட்டி வாங்கும் ஆப்பைவிட, தினமும் விடாமல் செய்ய முடிகிற ஒன்றை நான் சொல்வேன். வீட்டில் யாராவது செய்தித்தாளிலிருந்து ஒவ்வொரு வரியாக வாசிக்கட்டும், பின்னால் ஃபேன் சத்தம் மட்டும் இருக்கட்டும், நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள், தப்பு என்றால் உடனே திருத்தச் சொல்லுங்கள் (இந்த உடனடித் திருத்தம் ரொம்ப முக்கியம்). பத்துக்கு எட்டு சரியாக வந்தால் ஃபேனுக்குப் பதில் பின்னால் டிவி சீரியலைக் குறைந்த சத்தத்தில் வையுங்கள். இன்னொருவர் பேச்சு குறுக்கே வருவதுதான் இருப்பதிலேயே கடினம். முதலில் முகம் பார்த்து, அப்புறம் பார்க்காமல். தினமும் 20 நிமிடம் போதும். டிவியை அலற விடாதீர்கள், அது இருக்கிற காதையும் கெடுக்கும்.

பயிற்சிக்கு முன்னால் காதுக் குறும்பி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரிடம்) இரைச்சலோடு பேச்சைக் கேட்கவைக்கும் பரிசோதனையும் கேளுங்கள். அதில் குறைவு அதிகம் என்றால் ஹியரிங் எய்ட் போட்டுக்கொண்டே பழகுவது நல்லது, தள்ளிப்போட வேண்டாம்.

மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, பேசுபவர் முகம் தெரிகிற மாதிரி உட்காருங்கள்.

ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் பயிற்சி, வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.