மிர்னோவ் காயில் அடங்கினால் பிளாஸ்மா அடங்கியதா?

கேள்வி: டோக்காமாக்கில், அதாவது அணு இணைவுக்காகப் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளையக் கலத்தில், காந்த அலைவைக் காட்டும் வரைபடம் ஒன்று பார்த்தேன். பிளாஸ்மாவின் ஓரத்தில் வைக்கும் சிறு கம்பிச்சுருளான மிர்னோவ் காயிலின் சிக்னல் 8 கிலோஹெர்ட்ஸில் துடிக்கிறது; வேகம் குறைந்துகொண்டே வந்து, சட்டென்று நேர்கோடாகிவிடுகிறது. அலைவு கட்டுக்குள் வந்துவிட்டதா?
– இயற்பியல் மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வேகமும் சேர்ந்து குறைந்தது என்கிறீர்களே, அங்கேதான் உதைக்கிறது. இந்தக் காயில் காந்தப்புலத்தை அளப்பதில்லை. புலம் மாறும் வேகத்தை அளக்கிறது. 2 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 50 சுற்று என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 8 கிலோஹெர்ட்ஸில் 2 காஸ் (10,000 காஸ் ஒரு டெஸ்லா) அலைவு சுமார் 100 மில்லிவோல்ட் தரும். 1 கிலோஹெர்ட்ஸில் 8 காஸ் அலைவு தருவது 50தான். சிக்னல் பாதி, அலைவோ நாலு மடங்கு!

பாதுகாப்புக் காரணி 2 ஆகும் இடத்தில், அதாவது புலக்கோடு வளையத்தை நீளவாக்கில் இருமுறை சுற்றுவதற்குள் குறுக்குவாட்டில் ஒருமுறை சுற்றும் இடத்தில், புலக்கோடுகள் அறுந்து இணைந்து, தனியே மூடிய திட்டாகக் காந்தத் தீவு உண்டாகிறது. பிளாஸ்மாவோடு சுழலும் அது, வளர வளரக் கலத்தின் சுவரில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி, அதன் இழுவையில் வேகம் இழக்கிறது. புலத்தை உண்டாக்கும் பெரிய காயில்கள் இம்மி பிசகி அமைந்தாலும் ஒரு பிழைப்புலம் இருக்கும். அதில் மாட்டித் தீவு நின்றுவிடும். நின்றதும் காயில் ஊமை. அடுத்து வருவது பெரும்பாலும் பிளாஸ்மா குலைவு, அதாவது பிளாஸ்மா கட்டுக்குலைந்து சட்டென்று அணைந்துபோவது.

அதிர்வெண் மாறாமல் வீச்சு மட்டும் இறங்கியிருந்தால் நம்பலாம். சந்தேகமா? எதிரெதிர்ப் பக்கம் பதித்த இரு சேணக் காயில்களின் (சுவரின் வளைவில் படியும் அகன்ற சுற்றுகள்) சிக்னலை இன்டகிரேட் செய்து, அதாவது மாறும் வேகத்திலிருந்து புலத்தை மீட்டு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். பொதுவான புலம் அடிபட்டு, நின்ற தீவு மிஞ்சும். 90 பாகை தள்ளி இன்னொரு ஜோடியும் வேண்டும், இல்லையேல் தீவு இடையில் நின்று தப்பிவிடும்.

நிற்குமுன் கைவைக்க வேண்டும். திருத்தக் காயில்களால் பிழைப்புலத்தைக் குறைப்பது முதல் வேலை. பிரான்சில் கட்டப்படும் பன்னாட்டு டோக்காமாக்கான ஈட்டருக்கு வைத்திருக்கும் திட்டம், 170 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைத் தீவின் நடுவே பாய்ச்சி, அங்கே குறைந்த மின்னோட்டத்தை ஈடுகட்டுவது. குறி தவறினால் பலனில்லை. காந்திநகரின் ஆதித்யா டோக்காமாக்கில் பிளாஸ்மாவின் விளிம்பில் மின்முனை செருகி நேர்மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். சுழற்சி கூடி, தீவுகளின் வளர்ச்சி அடங்கியது.

கேள்வி: மோட்டாருக்குக் கட்டுவதுபோலவே இந்தக் காயிலையும் கட்டலாமா?
– ரீவைண்டிங் தொழிலாளி, நகரி

பதில்: கை வேலை அதேதான், பொருள் வேறு. வார்னிஷ் சூட்டில் ஆவி விட்டு வெற்றிடத்தைக் கெடுக்கும். கலத்துக்குள் பீங்கான் உருளையும் கனிமக் காப்புள்ள கேபிளும்தான் தாங்கும். வெளியே வரும் இரு கம்பிகளையும் நெருக்கமாக முறுக்குங்கள். பிரிந்து கிடந்தால் அந்த இடைவெளியே இன்னொரு சுற்றாகிவிடும். பொருத்தும்போது சாயவும் கூடாது. 1.5 டெஸ்லா முதன்மைப் புலத்தில் 1 பாகை சாய்ந்தாலே 260 காஸ் உள்ளே நுழைந்துவிடும். நீங்கள் தேடுவதோ 2 காஸ்.