கோட் எழுத ஏஐ இருக்க, நான் எதற்கு?

கே: கணினி அறிவியல் கடைசி வருஷம் படிக்கிறேன். ஏஐயே கோட் எழுதிவிடுகிறதே, நீ எதற்குப் படிக்கிறாய் என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். புரோகிராமிங்கை விட்டுவிடலாமா?

ப: வேண்டாம். கோட் தட்டுவது இந்த வேலையில் எப்போதுமே சின்னப் பங்குதான். வாடிக்கையாளர் கேட்டது ஒன்று, அவருக்கு நிஜமாகவே வேண்டியது இன்னொன்று, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிஸ்டம் தனி ரகம், இதில் எங்கே கை வைத்தால் எது உடையும் என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். கோப்பைலட், சாட்ஜிபிடி மாதிரி ஏஐ கருவிகள் எல்லாம் மளமளவென்று எழுதித் தரும், சரி. ஆனால் உலகத்திலேயே இல்லாத லைப்ரரியின் (எடுத்துப் பயன்படுத்த ரெடிமேடாக இருக்கும் கோட் தொகுப்பு) பெயரையும் கூச்சமில்லாமல் சேர்த்துவிடும். அதைப் படித்துப் பிடிக்க ஆள் வேண்டும். அந்த ஆளாக வேண்டுமென்றால் கொஞ்ச காலம் கையாலேயே எழுதி, எரர் வாங்கி, நீங்களே பிழையைத் தேடித் திருத்தி (டீபக் செய்து) பழகுங்கள்.

என் கவலை வேறு. சின்னச் சின்ன பக் (கோட்டில் இருக்கும் பிழை) சரிசெய்வது, டெஸ்ட் எழுதுவது என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் கொடுத்துப் பழக்கும் வேலைகளைத்தான் ஏஐ முதலில் எடுத்துக்கொள்கிறது. ஜூனியரையே சேர்க்காத கம்பெனிக்குப் பத்து வருஷம் கழித்து சீனியர் எங்கிருந்து வருவார்? இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகங்கள்.

கே: ஏஐ வந்தால் வேலை பல மடங்கு வேகமாகும் என்கிறார்களே?

ப: வேலையைப் பொறுத்தது. 2025இல் 'மீட்டர்' என்ற ஆய்வு அமைப்பு, ஓப்பன் சோர்ஸில், அதாவது யாரும் பார்த்துத் திருத்தும்படி பொதுவில் இருக்கும் கோட்டில், அனுபவமுள்ள 16 புரோகிராமர்களின் 246 வேலைகளை, சிலவற்றுக்கு ஏஐ உண்டு, சிலவற்றுக்கு இல்லை என்று பிரித்துப் பார்த்தது. ஏஐயோடு செய்தவை 19 சதவீதம் கூடுதல் நேரம் இழுத்தன. வேடிக்கை என்னவென்றால், முடித்த பிறகும் 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகவே அவர்கள் நம்பினார்கள்! அவர்கள் பல வருஷம் பழகிய கோட் அது, ஏஐக்கு விளக்கி, தந்ததைத் திருத்துவதற்குள் தாங்களே எழுதியிருக்கலாம். தெரியாத மொழியில் சின்ன ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் கணக்கு தலைகீழாகும். அப்புறம், அது அன்றைய கருவிகளை வைத்துச் செய்த சோதனை.

கே: நான் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். என் கதி?

ப: மற்ற வேலைகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2016இல் ஏஐ விஞ்ஞானி ஜெஃப்ரி ஹிண்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிடலாம், ஏஐயே அதைச் செய்யும் என்றார், இன்னமும் பல நாடுகளில் அவர்களுக்குப் பற்றாக்குறைதான். 2023இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளைக் கோர்ட்டில் கொடுத்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது, மெஷினுக்கு அல்ல. உங்கள் வேலையிலும் பில் பதிவது, பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப்பார்ப்பது எல்லாம் மெஷினிடம் போகும். கணக்கு ஏன் இடிக்கிறது என்று ஆடிட்டர் கேட்டால் நீங்கள்தான் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.